தொடாத விசை

பிட்டர் ஃபோர்க், ஐடஹோ
அக்டோபர் 3, 2004

அன்புள்ள தங்கச்சி ஐடெல்லாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகம். காது மட்டும் போன வருஷத்தைவிட மோசம். இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் பேச்சு புரிகிறது. தொலைபேசியில் தேனீக் கூட்டம்தான் கேட்கிறது. அப்பா பட்டறையிலும் அப்புறம் என் மகன் ட்வெய்ன் பட்டறையிலும் செய்த துப்பாக்கியையெல்லாம் சுட்டுப் பார்த்தவனுக்கு ஒரு காதாவது மிஞ்சியதே பெரிது.

எழுதுவது மருமகள் லொரீன். முன்பு முடி வெட்டுகிற ஓடிஸ் எழுதுவான், ஞாபகம் இருக்கும். நான் சொல்வதற்கு நடுவில் தன் பேச்சையும் சொருகிவிடுவான். லொரீன் கையெழுத்து முத்து மாதிரி என்கிறார்கள். எனக்கு எல்லா எழுத்தும் கோழி கீறியதுதான்.

உன் மருமகன் ட்வெய்ன் ஒரு புது வரிசைத் துப்பாக்கி செய்கிறான். போலீஸ், சிறைக்காவல் என்று துப்பாக்கி பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கும், அதே மாதிரி ஒன்று வீட்டில் வேண்டும் என்கிற சாதாரண ஜனத்துக்கும் ஒரே துப்பாக்கி. கறுப்புக் கட்டை, கனத்த குழல், மேலே தொலைநோக்கி. பார்த்தால் அடுப்புப் புகைபோக்கி மாதிரி இருக்கிறது என்றேன். "அழகு வேணும்னா அம்மாவோட கண்ணாடி அலமாரியப் பாருங்கப்பா" என்றான். ஆனால் சுட்டுப் பார்த்தேன். நல்ல துப்பாக்கி. ஜனவரி கடைசியில் லாஸ் வேகஸ் துப்பாக்கிக் கண்காட்சியில் மேசை போட்டு வெளியிடுகிறான். பட்டறையில் பன்னிரண்டு பேர் பிழைப்பு அதை நம்பித்தான்.

முதலில் செய்த சிலவற்றில் ஒன்று உன் பிள்ளை லைலுக்கு வருகிறது. ஷெரிஃப் ஆபீஸ் போலீஸில் குறி பார்த்துச் சுடுகிறவன் லைல்தானே, அவன் கையில் அது இருக்கிற மாதிரிப் படம் எடுத்து விளம்பரத்தில் போடப் போகிறான்.

பனி விழுமுன் விறகை உள்ளே போடு. போன தடவை மாதிரி நனையவிட்டு அழாதே.

அண்ணன் வெர்லின்

*

ஆல்டர் கேப், மொன்டானா
அக்டோபர் 17, 2004

அன்புள்ள அண்ணா,

முழங்கால் இருக்கிறது, மழை வருமுன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. விறகு உள்ளே போய்விட்டது, திட்டாதே.

துப்பாக்கி வந்து சேர்ந்தது. லைல் என் சமையல் மேசையில் துணி விரித்து அதை வைத்துவிட்டு, சூப் ஆறுகிறதுகூடத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தான். "மச்சான் பெரிய ஆளுதாம்மா" என்று ட்வெய்னைப் பற்றி நாலு தடவை சொன்னான்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று. இது நன்றாகப் போனால் லைலைக் கம்பெனியிலேயே சேர்த்துக்கொள்வதாக ட்வெய்ன் சொல்லியிருக்கிறான். ஊர் ஊராகப் போய் போலீஸ்காரர்களுக்குச் சுட்டுக் காட்டும் வேலை. சீருடையைக் கழற்றிவிடலாம். மார்ச் மாதம் அவன் வண்டிக் கதவில் பட்டதே இரண்டு குண்டு, அந்த ஓட்டைகளை நான் இன்னும் விரலால் தடவிப் பார்க்கிறேன். அவன் அப்பாவை அந்தச் சீருடையில்தான் புதைத்தோம்.

அதனால் இந்தத் துப்பாக்கி நன்றாக விற்பனையாக வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் கேட்கிறேன். பாதிரியாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ, நினைக்கட்டும்.

கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்.

உன் ஐடெல்லா

*

பிட்டர் ஃபோர்க்
நவம்பர் 21, 2004

அன்புள்ள ஐடெல்லா,

உடம்பைக் கேட்டால் சுகம். மனசு சுகமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஈரப் பனியில் புதுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போனேன். வந்ததும் துடைத்து, மேலும் கீழும் உள்ளேயும் எண்ணெய் அடித்து, கொட்டகையில் வைத்தேன். இங்கே எல்லாரும் செய்கிறதுதான். வியாழக்கிழமை காலையில் மூக்குச் சளி உறைகிற குளிர். துப்பாக்கியை எடுத்துத் தோட்டா போட்டேன், குழல் தரையைப் பார்க்க. சுடக் கிளம்பலாம் என்று, விசை வேலை செய்யாமல் பூட்டி வைக்கிற சேஃப்டியைத் தள்ளினேன். வெடித்தது. என் இடது பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளித் தரைப் பலகையில் ஓட்டை.

விரல் விசையில் இல்லை. வெளியே நீட்டி, கட்டையோடு ஒட்டி இருந்தது. ட்வெய்ன் ஓடி வந்தான்.

"கையுறை பட்டிருக்கும்ப்பா" என்றான்.

"படலடா."

"எழுபத்தொம்பது வயசுல பட்டதும் தெரியாது, படாததும் தெரியாது."

"உன் அத்தை கல்யாணத்துல நான் எந்தக் கையில தட்டு வெச்சிருந்தேன், அதுல என்ன கேக் இருந்துச்சுன்னு சொல்லட்டுமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்து மூணு. இடது கை. செர்ரி கேக். இது இப்ப நடந்ததுடா."

"விசைக்குள்ள எண்ணெய் போடாதீங்கன்னு பெட்டியில தாள் வெச்சிருக்கோம்ல."

"எனக்குப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவன் எவன் அதைப் படிக்கிறான்? ஈரம் பட்டா எண்ணெய். இந்த மலையில குழந்தைக்கும் தெரியும்."

"கண்காட்சிக்கு ரெண்டு மாசம் இருக்குப்பா. இப்ப விசையைப் பிரிச்சா மேசையே கிடையாது. அப்புறம் பாக்கலாம்" என்று போய்விட்டான்.

ஐடெல்லா, லைலிடம் சொல். ட்வெய்ன் அதைப் பிரித்துப் பார்க்கிறவரை அதில் தோட்டா போட வேண்டாம். சொன்னேன் என்று எனக்கு எழுது.

அண்ணன் வெர்லின்

அத்தை, லொரீன் எழுதுகிறேன். மாமா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். ஆனால் குளிரில் அவர் விரல்கள் மரத்துப்போகின்றன. இந்த மாதம் இரண்டு முறை காபிக் கோப்பையை நழுவவிட்டார். கையுறைதான் என்று ட்வெய்ன் உறுதியாகச் சொல்கிறார். வரும் வாரம் படம் எடுக்கிறார்கள், லைலை வீணாகப் பயமுறுத்த வேண்டாமே.

*

ஆல்டர் கேப்
டிசம்பர் 3, 2004

அன்புள்ள அண்ணா,

நீயும் வீட்டில் எல்லாரும் சுகம்தானே. இங்கே நன்றி சொல்லும் நாள் விருந்து நன்றாக நடந்தது. வான்கோழி கொஞ்சம் காய்ந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை. கிணற்றுப் பம்பு உறைந்து, லைல் வந்து சூடு காட்டிச் சரிசெய்தான்.

படம் எடுக்க வந்தார்கள். நீலச் சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். பாறை மேல் படுத்துக்கொண்டு அவன் குறி பார்க்கிற படம் அத்தனை நன்றாக வந்திருக்கிறதாம். எடுத்தவன், "உங்க பையனப் பாத்தா எனக்கே ஒண்ணு வாங்கணும்போல இருக்கு" என்றான்.

பக்கத்து வீட்டு மில்ட்ரெட் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறாள். மூன்றாவது.

குளிரில் அலையாதே. காபிக் கோப்பையைக் கெட்டியாகப் பிடி.

உன் ஐடெல்லா

*

பிட்டர் ஃபோர்க்
டிசம்பர் 11, 2004

அன்பு மிகுந்த தங்கை ஐடெல்லாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். உன் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். துப்பாக்கி பற்றிய என் கவலை தீர்ந்துவிட்டது. ட்வெய்ன் மிகுந்த உழைப்புடன் கண்காட்சிக்கு ஆயத்தமாகி வருகிறான். லைலின் படத்தைக் கண்டு பெருமைப்பட்டோம். உங்கள் அனைவருக்கும் இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அன்புடன்,
வெர்லின்

*

ஆல்டர் கேப்
டிசம்பர் 20, 2004

அன்புள்ள அண்ணா,

நலம். உனக்கும் அதுவே கேட்கிறேன்.

உன் கடிதம் வந்தது. நான் பிறந்ததிலிருந்து நீ என்னை "அன்பு மிகுந்த" என்று அழைத்ததில்லை. இந்தத் தடவை ஒரு இடத்தில்கூடத் திட்டவும் இல்லை. வயசாகி மென்மையாகிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

கவலை தீர்ந்தது என்று எழுதியிருந்ததை மட்டும் பல தடவை படித்தேன். லைலிடம் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, இல்லையா. ஷெரிஃப் சம்மதித்துவிட்டார். இனி வேலைக்கும் அவன் அந்தத் துப்பாக்கியைத்தான் எடுத்துப் போகிறான்.

கிறிஸ்துமஸுக்குப் பழக் கேக் அனுப்பியிருக்கிறேன். பல்லில்லாவிட்டால் காபியில் நனைத்துத் தின்.

உன் ஐடெல்லா

*

ஆல்டர் கேப்
ஜனவரி 5, 2005

ஓடிஸ் கடை முகவரிக்கு. ஓடிஸ், இதைக் கடையை மூடிவிட்டு, வேறு யாரும் இல்லாதபோது என் அண்ணன் இடது காதில் படியுங்கள்.

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்க்கோடியில் ஒருவன் தன் பெண்டாட்டியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டான். கூப்பிட்டது லைலைத்தான். சனி முழுக்கப் பெய்த ஈரப் பனியில் துப்பாக்கி நனைந்திருந்தது, அவனும் எண்ணெய் அடித்துத்தான் வண்டியில் வைத்திருக்கிறான். பனியில் படுத்துக் காத்திருந்தான். கதவு திறந்து அந்த ஆள் வெளியே வந்தான், கையில் ஏதோ இருந்தது. லைல் சேஃப்டியைத் தள்ளினான். சுட உத்தரவு வரவில்லை. துப்பாக்கி வெடித்தது. குண்டு அந்த ஆளின் தொடையில் பாய்ந்தது. கையில் இருந்தது டார்ச் லைட். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள்.

"நான் தொடலம்மா. சேஃப்டியை மட்டும்தான் தள்ளினேன்" என்கிறான். ஷெரிஃப், "கையுறை பட்டிருக்கும் லைல், ஒத்துக்க, சுலபமா முடிஞ்சிடும்" என்கிறார். ஒத்துக்கொண்டால் வேலை போகும், கேஸும் வரலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பொய்யன். இருபதாம் தேதி விசாரணை.

மறுநாள் உன் பார்சல் வந்தது. என் பழைய கடித உறையிலிருந்து என் முகவரிச் சீட்டை உரித்து நீ மேலே ஒட்டியிருந்ததைப் பார்த்ததுமே, யாரையும் எழுதவிடாமல் நீயே அனுப்பியது என்று தெரிந்தது. உள்ளே கொட்டகைத் தரைப் பலகை, குண்டு போன ஓட்டையோடு. பின்பக்கம் பென்சிலால் உன் வலது கையை வைத்துச் சுற்றி வரைந்திருந்தாய். சுண்டுவிரல் பாதிதான், அதனால் உன் கை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் தனியாக, நேராக, நீட்டி இருந்தது.

பலகையை லைல் முன்னால் வைத்தேன்.

"இது எப்ப நடந்துச்சு?"

"நவம்பர்ல."

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் வீட்டுக்கு வரவில்லை.

நீ எழுதியதை நான் படித்தேன், அண்ணா. அதன் கீழே லொரீன் எழுதியிருந்த நாலு வரியை நம்பினேன். நம்பினால் அவனுக்கு அந்த வேலை கிடைக்கும்.

விசாரணைக்கு வா என்று உன்னைக் கேட்க மாட்டேன். அது உன் மகன் பட்டறை, நீ சாப்பிடுவது அவன் வீட்டில்.

ஐடெல்லா

*

ஓடிஸ் கடை, பிட்டர் ஃபோர்க்
ஜனவரி 10, 2005

ஐடெல்லா,

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. எழுதுவது ஓடிஸ்.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். இரண்டு வரி சொன்னேன். ஓடிஸ், "இதையெல்லாம் நான் ஒரு பொம்பளைக்கு எழுத மாட்டேன்யா" என்று கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டான். அதனால் திட்டை நேரில் வந்து தருகிறேன்.

காபிக் கோப்பையைக் கெட்டியாகப் பிடி என்று எழுதியிருந்தாயே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. கோப்பை நழுவியதை நான் உனக்குச் சொல்லவில்லை. என் வாயில் வராதது கடிதத்தில் போகிறது என்றால், வாயில் வந்தது போகாமலும் இருக்கும். டிசம்பரில் லைலிடம் சொன்னாயா, சொன்னாயா என்று உன்னைக் கேட்டேன். லொரீன் எழுதிக்கொண்டேதான் இருந்தாள், பேனா நிற்கவே இல்லை. உன் பதிலை அவள் படித்தபோது அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. சரி, எழுத்தே இல்லாமல் அனுப்புவோம் என்று ரம்பத்தை எடுத்தேன். தபால் ஆபீஸ்காரி, "உள்ள என்ன தாத்தா?" என்றாள். "விறகு" என்றேன்.

(ஐடெல்லா அம்மா, ஓடிஸ் சொல்கிறேன். தபால் ஆபீஸுக்கு அவரைக் கூட்டிப் போனது நான். கிறிஸ்துமஸ் கூட்டத்தில் ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.)

இவன் என்னமோ சொருகுகிறான் என்று தெரிகிறது. போகட்டும்.

இன்று காலை ட்வெய்னிடம் போய், லைல் விசாரணைக்குப் போகிறேன் என்றேன். வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்புறம் என் காதருகில் வந்தான். கத்தவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். "நீங்க அங்க வாயத் திறந்தா பட்டறை இல்லப்பா. பன்னெண்டு வீடு."

"பதிமூணாவது வீடு உன் அத்தை வீடுடா" என்றேன்.

"லைல் வேலையில உள்ளவன். பயத்துல அழுத்தியிருப்பான்."

"நானும் பயத்துல அழுத்தினேனா?"

மறுபடி வரைபடத்தில் குனிந்துகொண்டான். பஸ்ஸில் வருகிறேன். ஊர்ப் பெயர்ப் பலகை எனக்குத் தெரியாது, ஓட்டுநரிடம் சொல்லி இறங்கிக்கொள்வேன். நீ ஸ்டாண்டில் நில்.

வெர்லின்

*

பிட்டர் ஃபோர்க்
ஜனவரி 15, 2005

அத்தைக்கு,

மாமா இன்று விடிந்ததும் கிளம்பிவிட்டார். ரத்த அழுத்த மாத்திரையை எடுக்காமல் போயிருக்கிறார், இதோடு அனுப்புகிறேன். வெள்ளை காலையில், மஞ்சள் இரவில். உப்பு சேர்த்துத் தின்கிறவர், கவனமாகப் பாருங்கள்.

டிசம்பர் கடிதத்தை நானே எழுதினேன். அவர் சொன்னது ஒன்றும் அதில் இல்லை. ட்வெய்ன் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் இரவெல்லாம் பட்டறையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்னொரு கவலையை வீட்டுக்குள் விட எனக்கு மனமில்லை. மாமா சொல்லச் சொல்ல நான் வேறு எழுதினேன். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லைல் எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

லொரீன்

*

பிட்டர் ஃபோர்க்
பிப்ரவரி 8, 2005

அன்புள்ள ஐடெல்லா,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன், சுகம். உன் வீட்டுக் கட்டில்தான் முதுகை ஒடித்துவிட்டது. லைல் வீட்டுக்கு வந்தானா? அவன் அப்பாவும் முதல் கோபத்தில் மாதக்கணக்கில் பேசமாட்டான், அப்புறம் ஒரு நாள் வந்து உட்கார்ந்து சாப்பாடு கேட்பான். தட்டை எடுத்து வை, கேள்வி கேட்காதே.

இதை எழுதுவது ட்வெய்ன். எழுதி முடித்ததும் ஓடிஸ் எனக்குப் படித்துக் காட்டுவான் என்று சொல்லிவிட்டேன். சரி என்றான்.

விசாரணையில் நான் பேசும்போது ட்வெய்ன் கடைசி வரிசையில் இருந்ததையும், பாதியில் எழுந்து போனதையும் நீ பார்த்தாய். வெளியே வண்டியில் காத்திருந்தான். அவனோடுதான் வீடு வந்து சேர்ந்தேன். அன்று ராத்திரி ஒரு துப்பாக்கிக்கு எல்லாரையும் போல உள்ளேயும் எண்ணெய் அடித்து, தோட்டா இல்லாமல் வண்டியின் பின்னால் பனியில் போட்டான். காலையில் நான் போய்ப் பார்த்தபோது சேஃப்டியைத் தள்ளுவதும் பின்பக்கத்துப் போல்ட்டை இழுப்பதுமாக நின்றுகொண்டிருந்தான். சில தடவை ஒன்றும் இல்லை. சில தடவை தோட்டாவை அடிக்கிற ஊசி தானாக விழுந்தது. புது விசையில் உள்ளிடைவெளி குறைவு, குளிரில் கெட்டியான எண்ணெயில் ஊசியைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி திரும்பி வராமல் நின்றுவிடுகிறது என்று அப்புறம் சொன்னான். எனக்கு அதெல்லாம் தெரியாது. என் விரல் எங்கே இருந்தது என்பது மட்டும் தெரியும்.

ஷெரிஃபுக்கு அன்றே எழுதிவிட்டான். லைலிடம் இருந்த துப்பாக்கியை அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்களாம், லைல் விஷயத்தில் முடிவு அதற்கப்புறம்தானாம். கண்காட்சிக்குப் போகவில்லை. எங்கள் பெயர் போட்டிருந்த மேசையில் வேறு யாரோ கத்தி விற்றார்களாம். பட்டறையில் நாலு பேரை நிறுத்தியாகிவிட்டது. மீதியும் எத்தனை நாளோ. இந்த இடத்தில் ட்வெய்ன் பேனாவைக் கீழே வைத்தான். எழுது என்றேன். எழுதுகிறான்.

துப்பாக்கி வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் போன் செய்தான். ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டது. அந்த ஒன்று ராய்ஸ் பெங்ஸ்டன் என்கிற பள்ளிக்கூட வாத்தியாரிடம். காத்திருக்க முடியாமல் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் போனவர். போன் எடுக்கவில்லை. நரி வேட்டைக்கு மலைக்குடிசைக்குப் போயிருக்கிறார், பெண்டாட்டியும் கூட என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வெளியே எலும்பு உறைகிற குளிர். ட்வெய்ன் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டினான். நான் போய் உள்ளே உட்கார்ந்துகொண்டேன். இறங்கச் சொல்லிப் பார்த்தான், அப்போது மட்டும் எனக்குக் காது கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தோம். ராய்ஸ் வாசலில் நின்று நரித்தோல் உரித்துக்கொண்டிருந்தார். கதவோரம் துப்பாக்கி சாய்த்திருந்தது. பெண்டாட்டி கார்லா காபியோடு வெளியே வந்தாள்.

"யாரு, ட்வெய்னா? என்னங்க, விலையை ஏத்திட்டேன்னு சொல்ல இவ்வளவு தூரமா?" என்றாராம் ராய்ஸ்.

"அதுல தோட்டா இருக்கா?" என்றான் ட்வெய்ன்.

"பின்ன? நரி வந்தா கல்லை எறியவா?"

ட்வெய்ன் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தான். துப்பாக்கியை எடுத்தான். எல்லாரையும் தன் பின்னால் வரச் சொன்னான். பனிக்குவியலில் குழலை வைத்து, விரலை நீட்டி, சேஃப்டியைத் தள்ளினான்.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. நெஞ்சில் இடித்தது. பனி எழும்பி முகத்தில் விழுந்தது.

கார்லா காபியைக் கீழே விடவில்லை. அவள் சொன்னதை ட்வெய்ன் அப்புறம் எனக்குச் சொன்னான். "நாலு நாளா தடம் பாக்கறது நான். நான்தான் இவருக்கு முன்னால நடந்தேன்" என்றாளாம். ராய்ஸ் தோல் உரித்த கத்தியோடு பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ட்வெய்ன் போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். ரொம்ப நேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் போனேன். குனிந்து என் இடது காதில் வாயை வைத்தான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான் கடைசியாக அப்படிப் பக்கத்தில் வந்தது.

"அப்பா, நான் தொடல" என்றான்.

"தெரியும்டா" என்றேன்.

இப்போது லொரீன் காபி கொண்டுவந்து வைக்கிறாள். இன்னும் என் காதுப் பக்கம் வரவில்லை, வருவாள். லைலுக்கு ட்வெய்ன் தனியாக எழுதப் போகிறான், என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். பனி குறைந்ததும் நானும் ட்வெய்னும் வருகிறோம். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அண்ணன் வெர்லின்